உறுதி இல்லாமல் உறுதிபூசுதலா? மகள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை

மூணாம்_வீடு:
எல்லோருக்கும் வணக்கம். பூர்வீகம் தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமம், இப்போது இருப்பது காரைக்குடி. எனக்குத் தெரிந்து நான்கு தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். மகளுக்குப் பதினைந்து வயது. அடுத்த மாதம் எங்கள் பங்குக் கோவிலுக்கு ஆயர் வருகிறார், பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல், அதாவது திருமுழுக்கு வாங்கிய பிள்ளைகளின் நெற்றியில் ஆயர் தைலம் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு. வெள்ளைச் சுடிதார் தைத்தாகிவிட்டது. ஞானத்தாயாக நிற்க என் நாத்தனார் திருச்சியிலிருந்து வருகிறார், மோதிரம்கூட எடுத்துவிட்டார். போன வாரம் ராத்திரி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது மகள் பின்னால் வந்து நின்று சொன்னாள்: "அம்மா, எனக்கு உறுதியா இல்லை. இல்லாமலே போய் நெத்தியைக் காட்டினா அது பொய்தானே?"

அடங்காத பிள்ளை இல்லை. ஞாயிறு பூசை தவறவிட மாட்டாள், பாடகர் குழுவில் இருக்கிறாள். "பாட்டுப் பிடிக்கும், அதனால போறேன். அப்பத்தா வருத்தப்படும்னு போறேன். சாமிக்காகப் போறேனான்னு தெரியல" என்கிறாள். வீட்டுக்காரர், "நாங்க எல்லாம் தெரிஞ்சுக்கிட்டா வாங்கினோம்? முதல்ல வாங்கு, அப்புறம் தெரியும்" என்று முடித்துவிட்டார். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. அந்தத் தைரியம் எனக்கு இல்லை.

என் உறுதிபூசுதலில் எனக்கு நினைவிருப்பது ஆயர் கையிலிருந்த மோதிரமும் தைல வாசனையும்தான். எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்றால் இருக்கிறது. எப்போது வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அது என்னுடையதா, நான் பிறந்த வீட்டுடையதா, வாக்கப்பட்ட வீட்டுடையதா என்று பிரித்துப் பார்த்ததே இல்லை. பிள்ளை பார்க்கிறாள்.

கட்டாயப்படுத்தலாமா? உங்களில் யாருக்காவது இது எப்போது சொந்தமானது?

சும்மா_படிப்பவன்:
மோதிரம் எத்தனை கிராம்? அதைச் சொன்னால் பிள்ளைக்கு உறுதி வருமா வராதா என்று பார்க்கலாம் 😀

ரிட்டர்ன்_டிக்கெட்:
மேலே உள்ளவரை விடுங்கள் அக்கா. என் கதையைச் சொல்கிறேன், உபயோகப்படுமா தெரியாது.

நாங்கள் சி.எஸ்.ஐ., தென்னிந்தியத் திருச்சபை. எங்களில் இதைத் திடப்படுத்தல் என்போம். அப்பா சபைச் செயலர். தினமும் ராத்திரி எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். விருந்தாளி வந்தாலும் உண்டு, மறுநாள் பரீட்சை என்றாலும் உண்டு, கரண்ட் போனாலும் உண்டு. அப்பாவின் ஜெபத்துக்கு ஒரு வரிசை இருக்கும். முதலில் ஸ்தோத்திரம், அப்புறம் தேசத்தை ஆளுகிறவர்கள், அப்புறம் ஐயர் (எங்கள் சபைப் போதகர்) குடும்பம், விதவைகள், திக்கற்ற பிள்ளைகள், வியாதியஸ்தர். கடைசியில்தான் நாங்கள். பசியோடு உட்கார்ந்திருக்கும் எனக்கு விதவைகள் வந்துவிட்டால் சோறு பக்கத்தில் வந்துவிட்டது என்று தெரியும். திடப்படுத்தல் வகுப்பில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பேராயர் தலையில் கை வைத்தபோது மத்தியானம் பிரியாணி யார் வீட்டில் என்றுதான் யோசித்தேன்.

இருபத்திரண்டு வயதில் சிங்கப்பூர், கப்பல் பட்டறை வேலை. ஓர் அறையில் பன்னிரண்டு பேர். முதல் ஞாயிறு என்னை யாரும் கோவிலுக்குக் கிளம்பச் சொல்லவில்லை. தூங்கினேன். அடுத்த ஞாயிறும் தூங்கினேன். ஏழு மாதம் இப்படியே போனது. குற்ற உணர்ச்சியெல்லாம் கிடையாது, நிம்மதியாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒருநாள் கூட வேலை பார்த்த அறந்தாங்கிப் பையன் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஜெபம் பண்ணலாம் என்று கண்ணை மூடினால் வந்தது அப்பாவின் வரிசை. ஸ்தோத்திரம் சொல்லி, தேசத்தை ஆளுகிறவர்களுக்காக ஜெபித்து, ஊர் ஐயர் குடும்பத்தைத் தாண்டி, விதவைகளைத் தாண்டி, வியாதியஸ்தரில் வந்துதான் அவன் பெயரைச் சொல்ல முடிந்தது. குறுக்கே போக எனக்கு வழி தெரியவில்லை. வார்த்தை எல்லாம் அப்பாவுடையதுதான். ஆனால் அன்று என்னை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

அவன் பிழைத்துக்கொண்டான், இப்போது ஊரில் லோடு வண்டி ஓட்டுகிறான். பிழைக்காமல் போயிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்ததுண்டு. பதில் இல்லை.

மறைக்கல்வி_அக்கா:
பதினொரு வருடமாக ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன். இந்தக் கேள்வியை என்னிடம் மூன்று பிள்ளைகள்தான் கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் கேட்காததுதான் எனக்குக் கவலை.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். திருச்சபைச் சட்டப்படி, விவரம் தெரிந்த வயதுப் பிள்ளை என்றால் கற்றிருக்க வேண்டும், மனம் ஆயத்தமாக இருக்க வேண்டும், திருமுழுக்கின் வாக்குறுதியைத் தானே புதுப்பிக்க முடிந்திருக்க வேண்டும். கைக்குழந்தையாக இருந்தபோது உங்கள் மகளுக்காக நீங்களும் ஞானப்பெற்றோரும் "விசுவசிக்கிறேன்" என்று பதில் சொன்னீர்கள். இப்போது அவளே சொல்ல வேண்டும். அப்பா அதட்டி வாங்கித் தருகிற விஷயம் இல்லை.

ஆனால் இதே பக்கத்தில் நின்றுகொண்டு எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்வேன். "உறுதி" என்ற சொல் நம்மைக் குழப்புகிறது. பிள்ளை தன் உறுதியைக் கொண்டுவந்து ஆயரிடம் காட்டி முத்திரை வாங்குகிற சடங்கு இல்லை இது. உறுதிப்படுத்துவது மேலே இருப்பவருடைய வேலை. கேரளத்துக் கத்தோலிக்கச் சபையான சீரோ மலபாரில் திருமுழுக்கோடு சேர்த்துக் கைக்குழந்தைக்கே இதைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் குழந்தைக்கு என்ன உறுதி தெரியும்? ஆகவே சந்தேகம் இருப்பது தடையே இல்லை. விருப்பம் இல்லாததுதான் தடை. மகளிடம் எது என்று கேளுங்கள். இரண்டும் ஒன்று இல்லை.

புதுவயல்_பையன்:
பையன் என்று பேர் வைத்தது பழைய பழக்கம், இப்போது வயது 46.

உங்கள் எல்லோரையும் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது. அளவுக்கு மேல் கொடுத்துவிட்டார்கள் என்று வருத்தப்படுகிறீர்கள். எனக்கு வீட்டில் ஒருத்தரும் கொடுக்கவில்லை. 24 வயதில் நானாகப் போய் ஞானஸ்நானம் எடுத்தேன். பெந்தெகொஸ்தே சபை, தண்ணீர்த் தொட்டியில் முழுக்கு. அப்பா ஆறு மாதம் பேசவில்லை. அம்மா அழுதாள், அப்புறம் அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை அவித்தால், சாமிக்குப் படைப்பதற்கு முன்னாலேயே எனக்கு மட்டும் ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து மூடிவைத்துவிடுவாள். படைத்ததை நான் சாப்பிட மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். நான் கேட்கவே இல்லை. இன்றைக்கும் கொப்புடையம்மனுக்கு விளக்குப் போடுகிற பொம்பளை, என் விசுவாசத்துக்காகத் தனிக் கிண்ணம் வைத்தாள். சபையில் சாட்சி சொல்லும்போது இதை இரண்டு தடவை சொன்னேன். பாஸ்டருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

இதில் சிரிப்பு என்னவென்றால் இப்போது என் பையனுக்குப் பதினாறு. சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து போன் பார்க்கிறான். எனக்குத் தீயாக இருந்தது அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை டியூட்டி. நான் என் அப்பாவை மீறி வந்தவன், அவன் என்னை மீறி எங்கே போவான்? மேலே ஒரு சகோதரி எழுதியதுபோல நாலு தலைமுறை வேண்டாம், ஒரே தலைமுறையில் இது வீட்டுச் சொத்து ஆகிவிடுகிறது.

முகப்பு:
நான் கிறிஸ்தவன் இல்லை, நகரத்தார். தலையிடலாமா தெரியவில்லை, இருந்தாலும் ஒரு சந்தேகம்.

எங்களில் கல்யாணம் ஆனால்தான் ஆண்பிள்ளை கோவிலில் ஒரு புள்ளி, அதாவது கோவில் கணக்கில் ஒரு குடும்பம். எங்கள் ஒன்பது குலக்கோவிலில் எந்தக் கோவில் என்பது பிறப்பிலேயே முடிவான விஷயம். புள்ளி வரி கட்டுவான், பேர் ஏட்டில் ஏறும். நீ நம்புகிறாயா என்று இதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. வந்தாயா என்றுதான் கேட்பார்கள். பதினாலு வயதில் அப்பச்சியோடு குன்றக்குடியிலிருந்து பழனிக்குத் தைப்பூச நடைப்பயணம் போனேன். பக்தி வருவதற்கு முன்னால் காலில் கொப்புளம் வந்தது. அப்பச்சி போனபிறகு இந்த மூன்று வருடமாகத் தனியாக நடக்கிறேன். சாமிக்காக நடக்கிறேனா அப்பச்சிக்காக நடக்கிறேனா என்றால் நடக்கிறேன், அவ்வளவுதான்.

உங்கள் மதத்தில் மட்டும் ஏன் உள்ளுக்குள் தோண்டிப் பார்த்து "இது என்னுடையதா" என்று இவ்வளவு தவிப்பு? குறையாகக் கேட்கவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது பெரிய பாரமாகத் தெரிகிறது.

மறைக்கல்வி_அக்கா:
முகப்பு அண்ணன் கேட்டது சரியான இடம். எங்கள் விவிலியத்திலேயே இரண்டும் இருக்கிறது. திமொத்தேயுவுக்குப் பவுல் எழுதும்போது உன் பாட்டியிடமும் அம்மாவிடமும் இருந்த விசுவாசம் உன்னிடமும் இருக்கிறது என்கிறார். இன்னொரு பக்கம் தகப்பனையும் தாயையும் என்னைவிட அதிகமாக நேசிக்கிறவன் எனக்குத் தகுதியானவன் அல்ல என்று இயேசுவே சொல்கிறார். சமாரியாவில் கிணற்றடியில் பேசிய பெண்ணின் ஊர்க்காரர்கள் அவளிடமே போய், இனி உன் பேச்சை வைத்து நம்பவில்லை, நாங்களே கேட்டுவிட்டோம் என்றார்கள். அந்தப் பொம்பளை வந்து சொல்லாவிட்டால் அவர்கள் கிணற்றடிக்கே வந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது. பாரம்தான் அண்ணா, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:
இத்தனை பேர் எழுதிவிட்டீர்கள், நம் பக்கத்து ஓரியூரை ஒருவரும் சொல்லவில்லை. செம்மண் எடுத்துவந்து வீட்டில் வைத்திருப்போம், அந்த மண்ணில் யார் எதற்காக விழுந்தார் என்று பேசமாட்டோம்.

அருளானந்தர் என்று நாம் சொல்லும் ஜான் தெ பிரிட்டோ 1647-இல் லிஸ்பனில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தகப்பன் இறந்துவிட்டார். அரண்மனையில் இளவரசன் பேதுருவோடு வளர்ந்தார். பிள்ளைக்குக் கடும் நோய் வந்தபோது அவர் தாய் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிழைத்தால் ஒரு வருடம் சேசு சபைத் துறவிகளின் அங்கி உடுத்தி வைக்கிறேன் என்று. நம் ஊரில் மொட்டை போடுகிறோமே, அதுபோலத்தான். பிள்ளை பிழைத்தான், அங்கி போட்டுக்கொண்டு அரண்மனையில் திரிந்தான்.

இனிமேல்தான் விஷயம். அந்தப் பிள்ளை வளர்ந்து நிஜமாகவே சேசு சபையில் சேர்ந்து, இந்தியாவுக்குப் போகிறேன் என்றபோது, அதே தாய்தான் தடுத்தார். திருத்தந்தையின் தூதர் வரைக்கும் போய் முறையிட்டார். அங்கியைப் போட்டுவிட்டவர் அவர்தான், அதை மகன் நிஜம் என்று எடுத்துக்கொண்டபோது தாங்கமுடியாமல் போனதும் அவருக்குத்தான். 1673-இல் மகன் கப்பலேறிவிட்டார். மறவ நாட்டுக்கு வந்து, பிடிபட்டு, வதைபட்டு, ஐரோப்பாவுக்குப் போய், அரசர் இங்கேயே இரு என்று கேட்டும் கேளாமல் திரும்பிவந்தார். 1693 பிப்ரவரி 4, சாம்பல் புதன்கிழமை, ஓரியூரில் தலையை வெட்டினார்கள். சேதி லிஸ்பனுக்குப் போனபோது அந்தத் தாய் துக்க உடை உடுத்தாமல் விழா உடையில் அரண்மனைக்கு வந்தார் என்பார்கள்.

தாயின் நேர்ச்சை தொடங்கிவைத்தது. மகன் அதைத் தாயிடமிருந்து பிடுங்கிக்கொண்டான். மூணாம் வீட்டு அம்மா, உங்கள் மகள் வெள்ளை உடையைப் பார்த்து இது என்னுடையதா என்று கேட்டால், நான் பயப்பட மாட்டேன்.

பேர்_மாறியவள்:
வாத்தியார் ஐயா, நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அவரை எதற்காகக் கொன்றார்கள்?

நான் இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்காகத் திருமுழுக்கு வாங்கிப் பேர் மாறியவள். மறைக்கல்வியில் மறவ நாட்டு இளவரசர் தடியத் தேவர் கதையைச் சொன்னார்கள். நோய் குணமாகி, ஞானஸ்நானம் கேட்டார், ஒரு மனைவிக்குமேல் கூடாது என்றதால் ஒருவரை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார், அதில் ஒருத்தி மறவ நாட்டை ஆண்ட சேதுபதி வீட்டுப் பெண், அவள் போய் முறையிட்டதில்தான் அருளானந்தர் பிடிபட்டார். வகுப்பில் எல்லோரும் தேவரின் மனமாற்றத்தைப் பேசினார்கள். எனக்கு அந்தப் பெண்கள்தான் கண்ணுக்குள் நின்றார்கள். ஒரு மனுஷனுக்கு விசுவாசம் சொந்தமானது, சரி. காலையில் மனைவியாக எழுந்தவள் சாயங்காலம் யார்? அவள் முறையிட்டதைப் பழிவாங்கல் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

என் விஷயத்துக்கு வருகிறேன். முதல் நான்கு வருடம் எனக்கு ஒரு விசுவாசமும் இல்லை. பூசைக்குப் போவது மாமியார் வீட்டுச் சமையல் கற்றுக்கொள்வதுபோல ஒரு வேலை. மாமியார் படுக்கையில் விழுந்து, பார்வையும் மங்கியபிறகு, செபமாலையில் மணி எங்கே இருக்கிறது என்று அவர் விரலைப் பிடித்து நகர்த்துவேன். ஐம்பத்து மூன்று மணி, ஒரு வருடத்துக்கு மேல், தினமும். எந்த நாளில் நான் அவருக்காகச் சொல்வதை விட்டுவிட்டு எனக்காகச் சொல்ல ஆரம்பித்தேன் என்று தெரியாது. நான் மணந்துகொண்டது அவர் மகனை. விசுவாசத்துக்கு அவர்தான் தாய்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:
அம்மா, நாற்பது வருடம் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை. இன்று ராத்திரி யோசிக்கிறேன்.

கல்லறைச்_சுவர்:
குடும்பம் விசுவாசத்தை மட்டுமா கொடுக்கிறது? எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதையும் கொடுக்கிறது. என் தாத்தா காலத்தில் எங்கள் ஊர்க் கோவிலில் எங்கள் ஆட்களுக்குத் தனி இடம். பெஞ்சு போனபின்னும் கல்லறையில் சுவர் நின்றது. மரபு மரபு என்று உருகுகிறவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டே என் ஆத்தா முழங்கால் தேய ஜெபித்தாள். அவளுடைய விசுவாசத்தை எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் கொடுத்ததை வேண்டாம் என்று எறிந்துவிட்டேன். சொந்தமாக்குவது என்றால் எனக்கு இதுதான்.

சும்மா_படிப்பவன்:
இதற்குத்தான் எல்லா மதத்தையும் விட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள் என்கிறேன். பிள்ளைக்குப் பரீட்சை வருகிறது, அதைப் படிக்கச் சொல்லுங்கள்.

புதுவயல்_பையன்:
தம்பி, நீ விட்டதும் உன் அப்பா விட்டதால்தானே? முன்பு ஓர் இழையில் அவர் பகுத்தறிவாளர் என்று நீதான் எழுதினாய். உன்னுடையது மட்டும் சொந்தச் சரக்கா?

சும்மா_படிப்பவன்:
...சரி, அது ஒரு பாயிண்ட்.

மட்டுறுத்துநர்:
இதோடு நிறுத்திக்கொண்டு இழைக்குத் திரும்பலாம். நடுவில் இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன், காரணம் எழுதியவர்களுக்குத் தெரியும்.

மூணாம்_வீடு:
பத்து நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும். எல்லாவற்றையும் படித்தேன். மறைக்கல்வி அக்கா சொன்னபடி மகளிடம் கேட்டேன்: சந்தேகமா, விருப்பம் இல்லையா? "விருப்பம் இருக்கு. ஆனா அது எனக்கா, உங்களுக்கான்னு பார்க்கணும். அதுக்கு நேரம் வேணும்" என்றாள்.

அப்புறம் மாமியாரிடம் சொல்லித்தானே ஆகவேண்டும்? ராத்திரி சாப்பாடு முடிந்து சொன்னேன். மகளும் இருந்தாள். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. வெற்றிலை மடித்தார். பிறகு தன் கதையைச் சொன்னார். எட்டு வயதில், ஊருக்கு ஆயர் வந்தபோது வரிசையில் நிறுத்தி வைத்துக் கொடுத்தார்களாம். அந்தக் காலத்தில் எண்ணெய் பூசியதும் ஆயர் கன்னத்தில் லேசாக ஓர் அடி தட்டுவாராம், வேதத்துக்காகப் பாடுபடத் தயாராக இருக்க வேண்டும் என்று. இவர் பயந்து அழுதுவிட்டாராம். "எனக்கு அந்த அடிதான் ஞாபகம். உறுதியெல்லாம் தெரியாது."

அதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டு எழுந்திருப்போம். அவர் விடவில்லை. அவருடைய மூத்த பையன், என் வீட்டுக்காரருக்கு அண்ணன், நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அது எங்களுக்குத் தெரியும். தெரியாதது இது: "அவன் போனப்புறம் ஒரு வருஷம் நான் செபம் சொல்லல. தாத்தாவுக்குத் தெரியாது. பிள்ளைங்களைச் சுத்தி உக்கார வச்சுக்கிட்டு மணியை உருட்டுவேன். வாய் அசையும். உள்ளே ஒண்ணும் கிடையாது. கோபம்."

இந்த வீட்டில் பக்தி என்றால் அத்தைதான். இன்றைக்கும் செபமாலையில் பழைய மாதிரி "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்றுதான் சொல்வார். நாங்கள் புதிய மாதிரி சொல்ல, இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு போகும். அவருக்கு அப்படி ஒரு வருடம் இருந்தது என்று அவர் பெற்ற மகனுக்கே தெரியாது. வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மகள் கேட்டாள்: "அப்புறம் எப்படி வந்துச்சு அப்பத்தா?"

"வரல. ஒருநாள் சொல்லிக்கிட்டிருந்தேன்."

அவ்வளவுதான். அடுத்த பாக்கை எடுத்து வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் மகளே பங்குச்சாமியிடம் போய் இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் திட்டவில்லை, அடுத்த வருடம் ஆயர் வரும்போது பேசலாம், நடுவில் கேள்வி இருந்தால் வா என்றாராம். நாத்தனார்தான் போனில் சத்தம். இரண்டு நாளாகப் பேசவில்லை. மோதிரம் திருச்சியிலேயே பீரோவில் இருக்கிறது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் செபமாலைக்கு முன்பெல்லாம் வாசலில் நின்று போன் பேசுகிறவர், இப்போது உள்ளே வந்து அத்தை பக்கத்தில் உட்கார்கிறார். அது எத்தனை நாள் என்று பார்ப்போம்.

மறைக்கல்வி_அக்கா:
அவளை என் வகுப்புக்கு அனுப்புங்கள். படிக்க இல்லை, சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

ரிட்டர்ன்_டிக்கெட்:
அப்பாவுக்கு இந்த இழையை வாசித்துக் காட்டினேன். லிஃப்ட் கதை அவருக்கு இதுவரை தெரியாது. நேற்று ராத்திரி ஜெபத்தில் என் வேலையை விதவைகளுக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டார்.

பேர்_மாறியவள்:
அக்கா, ஒரு சின்ன விஷயம். வளர்கிற பிள்ளை, அந்த வெள்ளைச் சுடிதார் அடுத்த வருடம் பத்தாது. தையல்காரரிடம் கேட்டு வையுங்கள்.

மூணாம்_வீடு:
பார்த்துவிட்டேன். ஓரத்தில் இரண்டு இன்ச் உள்ளே மடித்துத்தான் தைத்திருக்கிறார். கைக்குத்தான் வழி பார்க்க வேண்டும்.